தொழுவமும் உரிமையும்

பெங்களூர் அடுகோடியில் 1923-ஆம் ஆண்டு முதல் கால்நடை, பால்வள ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. 1927-இல் காந்தியடிகள் அங்குச் சென்று பசுப் பராமரிப்பைக் கற்றார். 1955-இல் தலைமையகம் கர்னாலுக்கு மாறிய பின்னர், அடுகோடியில் தென்மண்டல நிலையம் தொடர்கின்றது. விலங்கு ஊட்டவியலுக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்றும் 1995-இல் அப்பகுதியிலேயே தோன்றியது. பசுவுக்கு எதனை, எவ்வளவு ஊட்டவேண்டும் என்பதற்கு அங்கே தெளிவான விடைகள் உள்ளன. அப்பசு யாருடையது என்னும் வினாவோ சிற்றூர்களில் இன்னும் எழுப்பப்படுவதில்லை.

புல் அறுப்பதும், தவிடு கலப்பதும், சாணம் அள்ளுவதும், பல வீடுகளில் பால் கறப்பதும் பெண்ணின் வேலைகளாகும். ஆயினும் சங்கத்து உறுப்பினர் பெயரும் பால் பணம் சேரும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் ஆணுக்கே உரியன. நாள்தோறும் சிறிதளவு தாது உப்புக் கலவை கொடுக்குமாறு களப்பணியாளர் கூறும் அறிவுரை கூட்டத்திற்கு வந்த ஆணின் செவிக்குச் செல்கின்றது. தீனி வைப்பவள் அதனைக் கேட்பதில்லை. கேட்டாலும், வாங்குவதற்குரிய பணம் அவள் கையில் இல்லை. நல்ல ஆராய்ச்சி தொழுவத்து வாயிலிலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெங்களூரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தினர் 2010-11-இல் கர்நாடகக் குடும்பங்களின் சொத்துகளை ஆராய்ந்தனர். அவ்வாய்வில், குடும்பங்களின் மொத்தப் பொருட்செல்வத்தில் பெண்களுக்குரியது 19 சதவீதமே எனத் தெரியவந்தது. ஈக்குவடாரில் இது 52 சதவீதமாகவும், கானாவில் 30 சதவீதமாகவும் இருந்தது.

‘குடும்பம் ஒன்றே, அதனுள் எனது, உனது எதற்கு?’ என்பர் சிலர். கடன் நெருக்கும்போது அவளைக் கேளாமலே பசு விற்கப்படுகின்றது என்பதே இதற்கு விடை. கணவன் மறைந்தபின், தான் வளர்த்த பசுவையே தன்னுடையதென மெய்ப்பிக்க அவள் அல்லற்படவும் நேரும்.

பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கர்நாடகத்தில் 1994-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டமாயிற்று. ஆயினும் நிலத்தைப் பெயர் மாற்றப் பத்திரமும் செலவும் காலமும் வேண்டும். பசுவுக்கு அத்தனையும் வேண்டா. காதுவில்லையின் 12 இலக்க எண்ணைப் பதியும்போது உரிமையாளராகப் பெண்ணின் பெயரையும் எழுதலாம். அது உரிமைப் பத்திரம் அன்று. ஆயினும், எழுத்தில் அமைந்த முதற்சான்றாகும். அதனோடு சங்க உறுப்பினர் பதிவும் வங்கிக் கணக்கும் அவள் பெயரில் அமைதல் வேண்டும். பெயர் அவளுடையதாகவும் பணம் பிறர் கையிலுமாக இருப்பின் பயனில்லை.

களப்பணியாளர் வீடுதோறும் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று: தீனி வைப்பவர் யார்? பால் பணம் பெறுபவர் யார்? பசுவை விற்க யாருடைய இசைவு வேண்டும்? ஆசிரியர்கள் இவற்றையே வகுப்பில் கணக்குப் பாடமாக்கலாம். மூன்றிற்கும் விடை ஒருவரே ஆகும் வீட்டில், அடுகோடியின் அறிவு தொழுவத்திற்குள்ளும் நுழையும்.