தண்டவாள ஓரத்து மனிதர்கள்



எமது உறவினர் பலர் இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் நிலத்துக்குக் கீழே ஓடும் புகையிரதத்தில் ஏறித்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். தொலைபேசியில் கதைக்கும்போது, "பாதையில வேலை நடக்குது, இண்டைக்கும் ரெயின் பிந்திப் போச்சு" என்று அவர்கள் அலுத்துக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதையில் அந்த வேலையைச் செய்வோரைப் பற்றி இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

லண்டனில் பெரும்பாலான இரவுகளில் நள்ளிரவு கடந்ததும் சில மணி நேரம் ரயில்கள் ஓடுவதில்லை. தண்டவாளத்துக்கான மின்சாரத்தை நிறுத்திய பின்னரே திருத்த வேலையாட்கள் உள்ளே இறங்குகின்றனர். முன்பு அந்தச் சுரங்கங்களைத் தூரிகையும் கையுமாக இரவிரவாகச் சுத்தம் செய்தவர்கள் பெண்களே. பயணிகளிடமிருந்து உதிரும் தலைமயிரும் உடுப்பு நூலும் தூசியும் சேர்ந்தால் தீப்பற்றும் என்பதால் அவற்றை அகற்றினார்கள். காலையில் ஏறும் பயணி அவர்களைக் கண்டதே இல்லை.

நியூயோர்க் நகரில் நிலைமை வேறு. 1904இல் தொடங்கிய அந்தச் சேவை இரவு பகலாக ஓடுவது. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2021 மே வரைதான் இரவில் சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. ஆகவே அங்கு பல வேலைகள் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கின்றன. மஞ்சள் விளக்கைக் கண்டதும் சாரதி வேகத்தைக் குறைத்து ஹோர்ன் அடிப்பார். வேலையாட்கள் சுவரிலுள்ள மாடத்துக்குள்ளோ தூண்களுக்கு இடையிலோ ஒதுங்கி நிற்பார்கள். பக்கத்திலேயே 600 வோல்ற் மின்சாரம் பாயும் தண்டவாளம். யன்னலோரம் இருப்பவர் வெளியே பார்த்தால் செம்மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் ஒரு கணம் தெரியும். அவ்வளவுதான். அதற்குள் ரயில் கடந்துவிடும்.

அப்படி ஒதுங்கி நின்றவர்களில் ஒருவர் மார்வின் பிராங்ளின். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்டவாள வேலை செய்த அவர் ஓர் ஓவியருமாவார். ரயிலில் போய் வரும்போது எதிரே இருந்த பயணிகளையும், வீடின்றி அங்கேயே உறங்குபவர்களையும் வரைந்தார். பயணிகள் அவரைக் கவனித்தார்களோ இல்லையோ, அவர் பயணிகளைக் கவனித்தார். 2007 ஏப்ரல் 29ஆம் திகதி புறூக்ளினில் வேலையில் இருந்தபோது ரயில் மோதி இறந்தார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் இன்னொரு தொழிலாளி அதேவிதமாக இறந்திருந்தார். அதன் பின்னரே அவசரமற்ற வேலைகள் யாவும் நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு விதிகள் ஆராயப்பட்டன.

வேலைக்குப் போனவர் வீடு திரும்பாவிட்டால் ஒரு குடும்பம் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எமது மண்ணிலும் இதே கதை உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாம் ரயிலைத்தான் பார்த்தோம். அதற்கு முன் வெயிலில் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைச் சோதித்துக் கண்ணிவெடி அகற்றியவர்களையும், சிலிப்பர் கட்டை சுமந்தவர்களையும் எத்தனை பேர் நினைத்தோம்? வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர்களில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் உண்டு. அவர்களில் சிலர் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

ஒழுங்காக நடக்கும் வேலை கண்ணில் படுவதில்லை. பிழைத்துப் போனால் மட்டுமே யார் செய்தது என்று கேட்கிறோம். வீட்டில் உங்கள் வேலைக்கும் இதுதானே நடக்கிறது?

அடுத்த முறை ரயிலில் போகும்போது பிள்ளைகளை யன்னலோரம் இருத்துங்கள். தண்டவாள ஓரத்தில் விலகி நிற்பவர்களைக் காட்டி, இவர்கள் பார்த்துத் திருத்துவதால்தான் நாம் பத்திரமாகப் போகிறோம் என்று சொல்லுங்கள். கையசைக்கவும் பழக்குங்கள். உழைப்பவரை மதிக்கக் கற்ற பிள்ளை தாயின் உழைப்பையும் ஒருநாள் கண்டுகொள்ளும்.