38இல் நிற்கிற அந்தச் சிவப்புப் பொத்தான்



உம்மாவைப் பார்க்க வந்தவர்களும் போனில் விசாரித்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சுடுதண்ணி கொட்டிட்டா சேர்?" கொட்டவில்லை. ஷவரில் குளிக்கும்போது சுட்டது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதாக இல்லை. ஷவரில் எப்படிச் சுடும் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிக் களைத்துப் போனதால் இங்கே ஒரே தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயசாளியோ சின்னப் பிள்ளையோ இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

தங்கச்சி வீடு பண்டாரவளைப் பக்கம். மச்சான் கட்டாரிலிருந்து வந்து ஆசையாகக் கட்டிய வீடு. கூரையில் சோலார் சுடுதண்ணீர்த் தாங்கி, கீழே பாத்ரூமில் நீட்டுக் குழல் மாதிரி ஒரு ஷவர் மிக்ஸர். ஒரு பக்கக் கைபிடி தண்ணீரைத் திறக்க, மற்றப் பக்கக் கைபிடி சூட்டுக்கு. சூட்டுக் கைபிடியில் எண்கள் இருக்கும், 38இல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். திருப்பிக்கொண்டு போனால் 38இல் டக்கென்று நிற்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பொத்தானை அமுக்கிக்கொண்டு திருப்ப வேண்டும். இப்போது நம்ம ஊரிலும் புது வீடுகளில் இது வரத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் போட்டே கொண்டு வருகிறார்கள்.

உம்மாவுக்கு 74 வயசு. சீனி வருத்தம் இருபது வருஷமாக. அன்றைக்கு அஸருக்கு முன் குளிக்கப் போயிருக்கிறார். நல்ல வெயில் அடித்த நாள், தாங்கியில் தண்ணீர் உச்சச் சூட்டில் இருக்கிற நேரம். ஸ்டூலில் இருந்து குளித்துவிட்டு எழும்பும்போது பிடிக்க வேறொன்றும் இல்லாமல் அந்தக் கைபிடியைப் பிடித்திருக்கிறார். பாரம் முழுக்க அதில் விழுந்து, பொத்தானும் அமுங்கி, கைபிடி சுற்றிவிட்டது. தோளில் சுட்டதும் சத்தம் போட்டு ஒதுங்கிவிட்டார். ஆனால் கால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. மஃரிபுக்குப் பிறகு சொக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று தங்கச்சி கழற்றிப் பார்த்தபோதுதான் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. சீனி வருத்தம் காலின் உணர்வை மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்று கிளினிக்கில் சொல்லத்தான் செய்கிறார்கள். முள் குத்தினால் தெரியாது, செருப்பைப் பாருங்கள் என்பார்கள். தண்ணீரைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

பதினொரு நாள் வார்ட்டில். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டில். காயம் காய இன்னும் நாள் எடுக்கும்.

வந்தவர்களில் சிலர் புது வீட்டுக் கண்ணூறு என்றார்கள். கண்ணூறு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைபிடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இருக்க வேண்டிய ஒரு பிளாஸ்டிக் வளையம் இல்லை. இன்னும் சிலர் கத்ர் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன கதையும் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்.

அந்த வளையத்தின் கதையைச் சொல்கிறேன், அதில் எனக்கும் பங்கிருக்கிறது. இந்த மிக்ஸருக்குள் இரண்டு தடுப்பு உண்டு. ஒன்று வெளியே தெரிகிற 38 பொத்தான். மற்றது கைபிடிக்குள் மறைந்திருக்கும் பல்லுப் பல்லான வளையம். பொத்தானை அமுக்கினாலும் எது வரை திருப்பலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். போன டிசம்பர் லீவில் நாங்கள் எல்லாரும் அங்கே போயிருந்தோம். அந்தக் குளிர் தெரியும்தானே. சுபஹுக்கு முன் குளித்துவிட்டு வந்து, "மச்சான், இவ்வளவு செலவழிச்சும் தண்ணி சூடு பத்தலியே" என்று சொன்னது நான்தான். அடுத்த கிழமை பைப் பாஸைக் கூப்பிட்டிருக்கிறார். பாஸ் வளையத்தைக் கழற்றி வீசிவிட்டு "இப்ப நல்லாச் சுடும்" என்று காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்டதைச் செய்தார். கேட்டது நாங்கள்.

உம்மா வார்ட்டில் இருக்கும்போது ஒரு பின்னேரம் வெப்பமானியைக் கொண்டுபோய், அந்த ஷவரைக் கடைசி வரை திருப்பி அளந்து பார்த்தேன். 57 பாகை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், விபத்துக்குப் பிறகுதான் அளந்தேன்.

57 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது, பிளேன்டீ அதைவிடச் சூடு. ஆனால் தோலின் கணக்கு வேறு. 1947இல் மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள். 60 பாகைத் தண்ணீர் வளர்ந்த மனிதனின் தோலை ஏறத்தாழ 5 செக்கனில் ஆழமாகச் சுட்டுவிடும். 55இல் அரை நிமிடம் அளவில். 49இல் பல நிமிடங்கள் எடுக்கும். 44இல் மணித்தியாலக் கணக்கு. பாகையில் ஐந்தாறு கூடினால் தப்பிக்கிற நேரம் நிமிடத்திலிருந்து செக்கனுக்கு இறங்கிவிடுகிறது. இதுவும் நல்ல தோலுக்குத்தான். சின்னப் பிள்ளையின் தோலும் வயசாளியின் தோலும் மெல்லிசு. முழங்கால் வருத்தம் உள்ளவர் ஐந்து செக்கனில் எங்கே விலகுவது?

அப்படியானால் தாங்கியிலேயே சூட்டைக் குறைத்தால் என்ன என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அது சரிவராது. மின்சாரத்தில் சூடாக்கும் தாங்கியை 60 பாகையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இளஞ்சூட்டில் நாள்கணக்கில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் லெஜியொனெல்லா என்ற பக்டீரியா பெருகும். ஷவர்த் தூவானத்தோடு அது நெஞ்சுக்குள் போனால் நியூமோனியா வரும். சோலார் தாங்கியோ நாம் சொல்வதைக் கேட்காது. வெயில் நாளில் 70, 80 பாகையும் தாண்டும். ஆகவே தாங்கி சூடாகத்தான் இருக்கும். உடம்பில் விழுகிற இடத்தில்தான் கட்டுப்படுத்த வேண்டும். அதற்குத்தான் இந்த மிக்ஸரே.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் குப்பிக்குள் மெழுகு. சூடு கூடினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், தண்டு சுடுதண்ணீர் வழியை ஒடுக்கும். குளிர்ந்தால் மறுபக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும். இதில் பெரிய நன்மை, பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் இது சுடுதண்ணீரையும் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். சாதாரண மிக்ஸரில் அந்த நேரம் தலையில் விழுவது தனிச் சுடுதண்ணீர். நம்ம பக்கம் வரட்சிக் காலத்தில் தண்ணீர் வெட்டுவது புதினமா?

ஆனால் இது சரியாக வேலை செய்ய வேண்டுமானால் சரியாகப் பூட்டியிருக்க வேண்டும். இடது பக்கம் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். மாற்றிக் கொடுத்தால் மெழுகு செய்கிற வேலை எல்லாம் தலைகீழாகும். நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. "இந்தச் சாமான் சரியில்ல" என்று பெட்டியோடு திருப்பிக் கொடுக்க நின்றார்கள். அடுத்தது, கைபிடியில் 38 என்று எழுதியிருப்பது உங்கள் வீட்டில் 38ஆக இருக்க வேண்டும் என்றில்லை. தொழிற்சாலையில் இரண்டு பக்கமும் ஒரே அமுக்கம் என்று வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறார்கள். நம்ம வீட்டில் சுடுதண்ணீர் கூரையிலிருந்து இறங்கும், பச்சைத் தண்ணீர் நேரே மெயினிலிருந்து அடிக்கும். எழுத்து ஒன்று சொல்லும், தண்ணீர் இன்னொன்று சொல்லும். அளந்தால்தான் தெரியும்.

அளப்பது லேசு. கைபிடியை 38இல் வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஒரு கோப்பையில் பிடித்து வெப்பமானியை வையுங்கள். காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம், அது 42ஓடு நின்றுவிடும். வித்தியாசம் இருந்தால் கைபிடியின் மூடியை எடுத்து, ஆணியைக் கழற்றி, கைபிடியை நேரே வெளியே இழுங்கள். உள்ளே இருக்கும் தண்டைக் கொஞ்சம் திருப்பி, பொறுத்து, மறுபடி அளந்து, தண்ணீர் 38க்கு வந்ததும் கைபிடியின் 38 குறி நேராக இருக்கும்படி திரும்ப மாட்டிவிடுங்கள். உச்சச் சூட்டு வளையமும் அங்கேதான். அதை இழுத்து ஒரு பல் தள்ளி வைத்தால் எல்லை குறையும் அல்லது கூடும். கம்பனிக்குக் கம்பனி அமைப்பு மாறும், பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள். முடித்த பிறகு பொத்தானை அமுக்கிக் கடைசி வரை திருப்பி இன்னொரு தடவை அளக்க மறக்க வேண்டாம். தாங்கி நன்றாகச் சூடாக இருக்கிற பின்னேரத்தில் அளக்க வேண்டும், காலையில் அளந்து பிரயோசனமில்லை.

மச்சான் புது வளையம் எடுப்பித்தார். உச்சத்தை 41இல் நிறுத்தினோம். அதற்குத்தான் வீட்டுக்குள் வாக்குவாதம். தங்கச்சியின் மூத்த மகன் 38 பச்சைத் தண்ணீர் மாதிரி என்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மலைநாட்டுக் குளிரில், மெல்லிய தூவானத்தில் தலையிலிருந்து காலுக்கு வருவதற்குள் சூடு குறைந்துவிடும். அதனால்தான் 38இலேயே பூட்டாமல் 41 வரை விட்டோம். அதற்கு மேல் கேட்டால் என் பதில் ஒன்றுதான். குளிர்கிறவன் ஜன்னலைச் சாத்தட்டும், தலையைச் சீக்கிரம் துவட்டட்டும். வீட்டின் எல்லைச் சூட்டை இருபது வயசுப் பிள்ளையின் தோலை வைத்து முடிவு செய்யக் கூடாது, வீட்டிலேயே மெல்லிய தோல் யாருடையதோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஷவருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கம்பியும் அடித்தோம், பிடித்து எழும்ப. அந்தக் கம்பி முதலிலேயே இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

இந்த மிக்ஸர் எல்லார் வீட்டிலும் இல்லை, தெரியும். அடுப்பில் சுடவைத்து வாளியில் கலக்குகிற வீடுகள்தான் அதிகம். அங்கே ஒரே விஷயம். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். மாற்றி ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போகிற அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை வாளிக்குள் கை வைக்கும். சீனி வருத்தம் உள்ளவர் காலால் சூடு பார்க்க வேண்டாம், முழங்கையால் பார்க்கட்டும், அல்லது வேறொருவர் பார்க்கட்டும். சுட்டுவிட்டால் ஓடுகிற பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை வேண்டாம், ஐஸ் வேண்டாம். தங்கச்சி தோளுக்குப் பற்பசை பூசி, வார்ட்டில் மிஸியிடம் ஏச்சு வாங்கினாள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. வுழூச் செய்கிற இடத்தில் வயசாளிகளுக்குச் சுடுதண்ணீர் பைப் போட வேண்டும் என்று கதை நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பைப்பை மட்டும் இழுத்துவிட வேண்டாம், தாங்கியிலிருந்து வெளியே வருகிற இடத்திலேயே கலந்துவிடுகிற வால்வ் ஒன்றைப் பூட்டி 40 அளவில் நிறுத்துங்கள். வுழூவில் கடைசியாகக் கழுவுவது கால். வருகிறவர்களில் எத்தனை பேருக்குக் காலில் உணர்வு இருக்கிறதோ, அவர்களுக்கே தெரியாது.

ஒன்று என் மனசை விட்டுப் போகவே இல்லை. போன வருஷம் பெரியம்மாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது, தண்ணீரைக் கையில் ஊற்றி ஊற்றிச் சூடு பார்த்தது உம்மாதான். "இளஞ்சூடா இருக்கணும், நோகக் கூடாது" என்று கூட நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று தங்கச்சி சொன்னாள். அந்த உம்மா குளிக்கிற தண்ணீரை நாங்கள் ஒருவர்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

100 பாகை வரை காட்டுகிற வெப்பமானி ஒன்று சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். தேவையானவர்கள் இஷாவுக்குப் பிறகு வந்து எடுத்துப் போகலாம். கண்ணாடி, கவனம். அடுத்த நாளே திருப்பித் தந்துவிடுங்கள், இப்போதே மூன்று பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.