புள்ளிக்கு இடமில்லாத விலாசம்

மின்னஞ்சல் முகவரி தமிழ் எழுத்தில் இருக்கவேண்டும் என்று நான் சொன்னால் நம் எழுத்தாள நண்பர்கள் இருவிதமாகச் சிரிக்கிறார்கள். ஒரு சாராருக்கு இது மேடைத் தமிழ்க்காரர்களின் கோஷம். மற்றவர்களுக்கு இலக்கியத்தோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் வேலை. இரண்டும் சோம்பல்தான். எழுத்து எங்கே செல்லுபடியாகும், எங்கே ஆகாது என்பதைவிட எழுத்தாளனுக்கு நெருக்கமான பிரச்னை வேறென்ன இருக்கிறது?

போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோம். ஏலத்தை ஏலம் போடும் ஊர். அந்த ஏலத்தை நறுமணப் பொருள் வாரியம் 2007லேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது. பழைய வியாபாரிக்கு விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டுமல்ல; பெயரும் நாணயமும் அதில் அடக்கம். இன்று விடியலில் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு அப்பால் காய் எடுக்கப் போகிற பெண்ணிடமும் விண்ணப்பங்கள் மின்னஞ்சல் விலாசம் கேட்கின்றன. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒன்றைத் தயாரித்துத் தருகிறார். தமிழ் படிக்கத் தெரிந்தவள், தன் பெயரையே படிக்க முடியாதவளாக வெளியே வருகிறாள். கடவுச்சொல் கடைக்காரரிடம்.

இதை விதி என்கிறார்கள். விதியல்ல, சரித்திரம். 1971இல் ரே டாம்லின்சன் @ குறியைத் தேர்ந்தபோது அமெரிக்கக் கணினிகளின் 128 குறிகளுக்குள்தான் உலகம் இருந்தது. 2012இல் அந்த வேலி சட்டப்படி அகற்றப்பட்டது. எந்த மொழி எழுத்தும் முகவரியாகலாம். ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு அஞ்சல் கணினியும் சம்மதிக்கவேண்டும். மலைப்பாதையில் ஒரு சாவடி மறித்தாலும் லாரி திரும்ப வேண்டியதுதான். ஜிமெயில் 2014 முதல் பிறருடைய தமிழ் முகவரிக்குக் கடிதம் கொண்டுபோகிறது. தன்னிடம் கணக்குத் தொடங்குபவருக்குத் தமிழில் பெயர் தராது.

சாவடிகளில் மோசமானது விண்ணப்பப் படிவம். தாராள மனசோடு 'எல்லா மொழி எழுத்தும் வரலாம்' என்று எழுதப்பட்ட நிரல்கூடத் தமிழைத் தடுத்துவிடும். யூனிகோடு கணக்கில் க எழுத்து. புள்ளியும் கொம்பும் காலும் வேறு ஜாதி. தொல்காப்பியர் மெய்க்குத் தந்த புள்ளியைப் படிவம் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. அளவிலும் வஞ்சனை: @ குறிக்கு முன்னால் 64 பைட்தான் அனுமதி. நாம் எட்டெழுத்தாக எண்ணும் போடிநாயக்கனூர் அதில் 42ஐத் தின்றுவிடுகிறது. ரோமனில் 13 போதும். ஆனால் நகரமும் னகரமும் ஒன்றாகிவிடும், ககரம் ஒன்றா இரண்டா என்பது எழுதுபவர் இஷ்டம்.

மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டு மலையாளி இதை எப்படித் தட்டச்சு செய்வான் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே பெட்டிக்குத் தமிழில் ஒன்று, ரோமனில் ஒன்று என்று இரண்டு விலாசம் வைப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. ரோமனை ஒழிக்கச் சொல்லவில்லை. அது மட்டுமே வாசல் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ராஜஸ்தான் அரசு 2017இல் தன் மக்களுக்கு இந்தியில் முகவரி கொடுக்க முன்வந்தது. தமிழக அரசு 2020இல் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டு, சில நாட்களில் வாபஸ் வாங்கியது. அந்நிய எழுத்தில் தமிழ் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதில் இருந்த கவலை, தமிழ் எழுத்தே செல்லவேண்டும் என்பதில் இல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற பெயர்களில் தமிழ் இணையக் களங்கள் 2010-11லேயே கிடைத்துவிட்டன. அவற்றில் குடியேறியவர்கள் எத்தனை பேர்?

பிரக்ஞை, தனித்துவம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ரோமன் முகவரியைக் கூச்சமின்றி அச்சிடுகிறோம். முதலில் நம் சிற்றிதழ்கள் தமிழ் முகவரி ஒன்றையும் பக்கத்தில் சேர்க்கட்டும். அதற்கு வரும் கடிதம் திரும்பிப் போனால், எந்த அலுவலகம் திருப்பியது என்று பெயர் போட்டு அடுத்த இதழில் வெளியிடட்டும். கவிதைக்கு ஒரு பக்கம் குறைந்தால் நஷ்டமில்லை.