அடிக்கட்டையை மறைக்கும் முன்... சுரண்டிப் பாருங்க!

மாந்தோப்புகளுக்குப் பெயர்போன போடிநாயக்கனூரில், கொல்லை மாமரத்தை வெட்டியதும் வரும் தலைவலி, நிற்கும் அடிக்கட்டை. பூந்தொட்டி வைத்து மறைக்கும் முன், கத்திமுனையால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது! துளிர்களில் திடமான 2, 3 மட்டும் விட்டு, பென்சில் பருமன் வந்ததும் பிடித்த ரகத்தை ஒட்டுக்கட்டலாம். பழைய வேர் என்பதால் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் காய்க்கும். முருங்கைக்கு இந்தச் சிரமமே இல்லை, தானே தழைக்கும்.

பட்டுப்போன கட்டையா? நடுவில் குடைந்து, நீர் வடியத் துளையிட்டு, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, படராத செடி மிளகு வைக்கலாம். கொடி மிளகு வேண்டாம். மேலே ஏலமலையில் அதைச் சில்வர் ஓக், முள்முருங்கை என உயிருள்ள மரங்களில்தான் ஏற்றுகிறார்கள். செத்த கட்டை சில வருடங்களில் உளுத்துவிடும். கொடியோ அதன்பிறகும் காய்க்கும். சுவரை ஒட்டிய கட்டை என்றால் தோண்டி எடுத்துவிடுங்கள். கரையானுக்கு அதுதான் வாசற்படி.