மஞ்சளறிந்த தமிழன் மயங்கி நிற்பதோ?

அரிவாள் பட்ட விரலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசத் தெரியாத தமிழ்த்தாய் உண்டோ? அத்துணைப் பழகிய மருந்தைத் தம் கண்டுபிடிப்பென உரிமை கொண்டாடினர் அயலார். மஞ்சள் தூளால் புண்ணாற்றும் முறைக்கென மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவத்திற்கு 1995-இல் அமெரிக்க நாடு காப்புரிமை வழங்கியது. அறுவைப் புண்ணும் அவ்வுரிமையுள் அடங்கியிருந்தது.

இந்திய நடுவணரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதனை எதிர்த்து 32 எழுத்துச் சான்றுகளை முன்வைத்தது. 1953-இல் இந்திய மருத்துவக் கழக இதழில் வந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997-இல் காப்புரிமை நீக்கப்பட்டது. வென்றது பாட்டியின் கைப்பழக்கமன்று, ஏட்டிலேறிய எழுத்தே!

தமிழனிடம் ஏடில்லையா? சித்த மருத்துவம் புறமருந்தை 32 வகையாகப் பகுத்தது. கட்டும் பற்றும் களிம்பும் சீலையும் நிற்கும் அதே வரிசையில் அறுவையும் நிற்கின்றது! ஊமத்தையிலைச் சாறு, தேங்காயெண்ணெய், துருசு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் எண்ணெயை ஆறாப் புண்ணுக்குச் சித்த மருத்துவர் இன்றும் இடுகின்றனர். அதனையும் ‘தைலம்’ என்றழைத்து வடமொழிக்கு வால்பிடிப்பது தமிழனின் அடிமைப் புத்தியன்றி வேறென்ன?

இத்துணைச் செல்வமிருந்தும் தமிழர் இரு பிழை செய்கின்றனர். ஆங்கிலங் கற்ற மருத்துவருட் பலர் ஆராயாமலே எள்ளுகின்றனர். மேடைப் பெருமையர் ஆராயாமலே போற்றுகின்றனர். இருவரும் நோயாளிக்குப் பகைவரே! களத்தில் உலர்த்திய மஞ்சளில் மண்ணின் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும். அத்தூளைத் தையலிட்ட புண்ணில் அப்படியே தூவுதல் மருத்துவமன்று, மடமை. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் எளிதிற் கரையாது. துருசிலுள்ள செம்பு நுண்ணுயிரைக் கொல்லும். அளவு மிஞ்சினால் தசையையும் அரிக்கும். ஊமத்தையோ நச்சுப் பூண்டு. எவ்வளவு இடுவது? எவ்வாறு தூய்மை செய்வது? எந்தப் புண்ணுக்கு ஆகும், எதற்கு ஆகாது? இவற்றிற்கு விடை தருவது பெருமைப் பேச்சன்று. ஆய்வுக்கூடமும் முறையான மருத்துவமனை ஆய்வுமே.

அயலார் கவராதிருக்க இந்திய நடுவணரசு 2001-இல் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கிற்று. சித்த நூல்களின் மருந்துமுறைகளும் அதில் உள்ளன. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், இசுபானியம், சப்பானியம் என ஐந்து அயன்மொழிகளில்! அது வேண்டிய வேலியே. ஆயினும் வேலி விளைச்சல் தருமோ? தமிழேட்டில் பிறந்த மருந்தின் ஆய்வு முடிவு தமிழில் வெளிவர வேண்டாவா?

அறுவை மருத்துவரும் சித்த மருத்துவரும் ஒரே கட்டிலருகே நின்று, புண் ஆறும் நாளை எண்ணி, ஆறாததையும் மறையாது தமிழில் எழுதுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு அதற்குப் பொருள் ஒதுக்குதல் வேண்டும். அதுவரை மஞ்சளின் பெருமை பேசுவோர் வாயை மூடுக, ஏட்டைத் திறக்க!