பம்பை மாற்றுவதே சிக்கனம்

திருத்தங்கல் சுற்று வட்டாரத்தில் மானாவாரி நிலமே மிகுதி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால், கிணற்றிலோ தொட்டியிலோ எஞ்சியுள்ள நீரை மிளகாய் நாற்றுக்கும் ஆடு மாடுகளுக்கும் சிக்கனமாக இறைத்தாக வேண்டும். இதற்கெனச் சூரிய ஒளித் தகடும் 24 வோல்ட் பாட்டரித் தொகுப்பும் வைத்துள்ள விவசாயிகள் சிலர், மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் பம்பை வாங்கி விடுகின்றனர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

12 வோல்ட் பம்பை 24 வோல்ட்டில் நேராக இணைத்தால் மோட்டார் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுழல முயலும். பளு பல மடங்கு கூடி, காயில் கருகிவிடும்.

இதற்கு அஞ்சி, தொடராக இணைத்த இரு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்போர் உண்டு. பம்பு ஓடும், பாட்டரி கெடும். இது ஒரு மாட்டை மட்டும் நாள் முழுதும் கமலை இழுக்கவிட்டு, மாலையில் இரண்டுக்கும் ஒரே அளவு தீவனம் வைப்பது போன்றது. உழைத்த பாட்டரி அரைகுறையாகவே சார்ஜ் ஆகும். அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். மற்றதோ மிகுதியாகச் சார்ஜ் ஆகி நீர் வற்றும். பம்பில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பாட்டரியில் இழப்பது அதிகம்.

கையில் 12 வோல்ட் பம்பு இருந்தால், 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டி.சி. கன்வெர்ட்டர் பொருத்தலாம். பல லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம் உள்ளதால், லாரி எலக்ட்ரிக் கடைகளில் இதைக் கேட்டு வாங்கலாம். 60 வாட் பம்பு ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஆகவே 15 ஆம்பியருக்குக் குறையாத கன்வெர்ட்டரே ஏற்றது.

புதிதாக வாங்குவோர் 24 வோல்ட் பம்பையே வாங்குவது நலம். கிணறு 30 மீட்டர் தள்ளியிருந்து, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், 12 வோல்ட் பம்புக்குச் செல்லும் மின்சாரத்தில் சுமார் 3.5 வோல்ட் வழியிலேயே வீணாகும். அதே 60 வாட் 24 வோல்ட் பம்புக்கு 2.5 ஆம்பியரே போதுமாதலால், இழப்பு 2 வோல்ட்டுக்கும் குறைவே. தண்ணீரும் நன்கு ஏறும்.

எந்த முறையாயினும் பாட்டரியின் பாசிட்டிவ் முனையருகே பியூஸ் அவசியம். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். வெடிமருந்து புழங்கும் இவ்வட்டாரத்தில் பாட்டரியைக் காற்றோட்டமான தனி இடத்தில் வைப்பதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

விற்போருக்கும் பொறுப்புண்டு. பம்பின் மேல் வோல்ட்டைத் தமிழில் பெரிதாக எழுதி, “உங்கள் பாட்டரி எத்தனை வோல்ட்?” என்று கேட்டபின் விற்பதே முறை. கேட்காவிட்டால் விவசாயியே கேட்கட்டும். விதையை மண்ணுக்கேற்பத் தேர்ந்தெடுப்பவர், பம்பைப் பாட்டரிக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் நட்டமில்லை.