பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?



தை பிறக்கும் நாட்களில் சென்னை நந்தனம் புத்தகப் பைகளால் நிறைந்துவிடும். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அந்த மைதானம் இருக்கும் அண்ணா சாலையில்தான், உழவர்களுக்கு அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமைப் பொறியாளர் அலுவலகமும் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. காவிரி டெல்டாவில் சம்பா அறுப்பு சூடுபிடிக்கிற மாதமும் இதுவே. நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களிலும் இந்த மாதம் கதையும் கவிதையும் பின்னுக்குப் போய், ஒரே கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: அறுவடை இயந்திரங்களில் எது நல்லது, ஒப்பிட்டு எழுதக் கூடாதா?

ஒப்பிடலாம் என்று கம்பெனிகளின் விளம்பர ஏடுகளை மேசையில் பரப்பினோம். குதிரைத்திறன், வெட்டும் அகலம், தானியத் தொட்டியின் கொள்ளளவு, டீசல் டேங்க், குளிரூட்டிய கேபின். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை வண்டி வாங்குகிறவருக்காக எழுதியவை. மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் நம் வாசகர் வண்டி வாங்கப்போவதில்லை. ஆத்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ லாரியில் ஏறி வரும் வண்டியை மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வயலில் இறக்குகிறார். அவர் பார்க்கவேண்டிய பட்டியலே வேறு.

முதலில் சேறு. பஞ்சாபிலிருந்து வரும் கர்தார், பிரீத் போன்ற டயர் வண்டிகள் பெரிய உருவம். வெட்டும் அகலம் பதினான்கு அடி வரை போகும். பலவற்றுக்குள் ஓடுவது அசோக் லேலண்ட் எஞ்சின். எண்ணூரில் பிறந்த கம்பெனியின் எஞ்சின் பஞ்சாப் போய்க் கதிர் அறுக்கும் வண்டியாகித் திருவாரூருக்குத் திரும்புவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. குபோட்டா, யன்மார், கிளாஸ் கிராப் டைகர் வகைகள் ரப்பர் பெல்ட்டில் நகர்பவை. அகலம் பெரும்பாலும் ஏழு அடிகூட இராது. எடையும் டயர் வண்டியைவிட மிகக் குறைவு. அந்த எடையும் நீண்ட பெல்ட்டின் மேல் பரவிவிடுவதால் ஈர வயலில் அமிழாது.

வாடகையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அண்மை ஆண்டுகளில் வாங்கிய வாடகை, மணிக்கு டயர் வண்டிக்கு 1,160 ரூபாய், பெல்ட் வண்டிக்கு 1,880 ரூபாய். தனியார் வாடகை இதைவிடக் கூடுதல். அதற்கு வரம்பு வைக்கத்தான் டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர்கள் முத்தரப்புக் கூட்டம் கூட்டுகிறார்கள். காய்ந்த வயல், பெரிய வயல், நேராக நிற்கும் பயிர் என்றால் டயர் வண்டிதான் லாபம், யோசிக்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் குறுவை அறுக்கிறவருக்கு அந்தப் பேச்சே எழாது. டயர் வண்டி புதைந்தால் அதை இழுக்க இன்னொரு வண்டி, பிறகு பள்ளம் நிரவ இன்னொரு செலவு. சிறிய வயலில் பதினான்கு அடி அகலமும் பெரிதாக உதவாது. வரப்புக்கு வரப்பு திரும்புவதிலேயே மீட்டர் ஓடிவிடும்.

ஓட்டும் வசதி என்று பார்த்தால் புதிய பெல்ட் வண்டிகள் முந்திவிட்டன. ஒரே நெம்புகோலைத் தள்ளினால் முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும். பழைய வகையில் கிளட்சும் கியருமாகக் காலும் கையும் ஓயாது. இந்த வசதி ஓட்டுநருக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். சாய்ந்த பயிர் வந்ததும் வேகத்தைச் சட்டென்று குறைத்து, ரீலைத் தாழ்த்தி, கதிரைத் தூக்கி வெட்ட முடிவது இதனால்தான். அப்படிக் குறைக்காத ஓட்டுநர் விட்டுச்செல்லும் நெல் உங்களுடையது.

ஆகவே வண்டியின் பெயரைவிட ஓட்டுநரின் கையைப் பாருங்கள். உள்ளே சுழலும் டிரம்மின் வேகம் கூடினால் அரிசி நொறுங்கும். குறைந்தால் மணி கதிரிலேயே தங்கும். காற்றாடி பலமாக வீசினால் பதரோடு நல்ல நெல்லும் பறக்கும். முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் விழுந்த வைக்கோலை அள்ளி உதறிப் பாருங்கள். கையில் நெல் விழுந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம். விதைநெல்லுக்கு அறுப்பதானால், வண்டி முந்தைய வயலில் அறுத்த ரகம் தொட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். சுத்தம் செய்த பிறகே இறக்குங்கள்.

எந்த விளம்பர ஏட்டிலும் இல்லாத ஒன்று உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். மிச்ச ஈரத்தில் முளைத்து, அறுப்பு முடியும்போது இரண்டு இலையோடு நிற்கும். அரிவாளோடு வந்தவர்களின் காலடி அதை அவ்வளவாக நசுக்கவில்லை. வண்டி போன தடத்தில் முளை மிஞ்சுவதில்லை. அதனால் பலர் அறுத்தபின் விதைக்கிறார்கள். அதற்குள் ஈரம் போய்விடுகிறது. வண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது மகசூலையும் கணக்கில் சேர்த்தால் நல்லது என்பது என் கட்சி.

வைக்கோலும் அப்படித்தான். நம் வண்டிகள் பயிரை முழுசாக விழுங்கி அடிப்பதால் வைக்கோல் நசுங்கி, ஒடிந்து வெளியே வருகிறது. கட்டும் இயந்திரம் தனியாக வரவேண்டும். ஜப்பானில் கதிரை மட்டும் உள்ளே விட்டு, தாளை முழுசாக வெளியே வைக்கும் வகையை 1960களிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும்.

நெல்லின் ஈரம் இன்னொரு தொல்லை. கையால் அறுத்தபோது அரி வயலில் கிடந்து காய்ந்தது. வண்டி அறுத்த மணி நேரத்திலேயே பச்சை நெல்லை டிப்பரில் கொட்டிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீதம். மழை வந்தால் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதும். அதுவரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். வண்டியின் வேகத்துக்குக் களமும் உலர்த்தியும் ஈடுகொடுக்கவில்லை. இதில் வண்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

கூலி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் சன்ஷைன் என்ற அறுவடை இயந்திரத் தொழிற்சாலையை வைத்துத்தான் 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு குடும்பம் கௌரவமாக வாழ எவ்வளவு கூலி வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். அது இயந்திரம் செய்தவர்களுக்கான கூலி. இயந்திரம் வந்ததும் வரப்பில் நின்றுவிட்ட பெண்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு எங்கும் எழுதப்படவில்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதும் உண்மை, அறுப்பு வேலை போய்விட்டது என்பதும் உண்மை. இரண்டு கடிதங்களும் ஒரே ஊரிலிருந்து ஒரே வாரத்தில் வருகின்றன.

துறையின் வண்டி வேண்டுவோர் உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். அறுப்பு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்தச் சம்பாவில் உங்கள் வயலில் இறங்கிய வண்டி எந்த வகை, ஏக்கருக்கு மீட்டரில் எவ்வளவு நேரம் ஓடியது, பயிர் நின்றதா சாய்ந்ததா, உளுந்து பிழைத்ததா என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வருவதை எல்லாம் தொகுத்து, ஊர் வாரியாகப் பங்குனி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்